என் கை ஏன் இன்னும் ஆடுகிறது, அருளு

ஏலே அருளு, நேற்று நீ போனில் சொன்னதை உன் சித்தி என்னிடம் மறைக்கத்தான் பார்த்தாள். லூர்துக்கு மறைக்கத் தெரியுமா? அடுப்பில் தேத்தண்ணி பொங்கி வழிகிறது, இவள் ஜன்னல் வழியாக மேகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். ஒரு அதட்டு அதட்டியதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள். ஜெர்மனியில் உனக்குக் கிடைத்த நர்ஸ் வேலையை வேண்டாம் என்று எழுதப் போகிறாயாம். "நான் பார்த்துச் சேத்த ஆஸ்பத்திரி, நான் பிடிவாதம் பிடிச்சுச் செய்யவச்ச ஆபரேஷன். கம்பியைச் சரியான இடத்துல வைக்கல சித்தி. கை இன்னும் ஆடிக்கிட்டுத்தான் கெடக்கு. அவரை இப்படிப் போட்டுட்டு நான் எப்படிப் பிளேன் ஏறுவேன்" என்று சொல்லி அழுதாயாம். அழுததை அவள் சொல்லவில்லை, நானாகச் சேர்த்துக்கொண்டேன். ஆனாலும் அழுதிருப்பாய்.

அதனால்தான் இந்தக் கடிதம். நீ போக வேண்டும். போகாமல் இருப்பதற்கு என் கையைக் காரணமாகக் காட்டினால் அது கைக்கே அவமானம். இதை உனக்கு மட்டும் அனுப்பப் போவதில்லை. ஜீப் ஸ்டாண்டு வாட்ஸ்அப் குரூப்பிலும் சர்ச்சில் கூடி ஜெபிக்கிற அன்பியம் குரூப்பிலும் சேர்த்தே போடுகிறேன். இந்த ஆபரேஷனைப் பற்றி நான் ஊருக்குள் சொல்லி வைத்திருக்கிற கதைகள் அத்தனை. ஏரியைச் சுற்றிக் குதிரை ஓட்டுகிறவனிடம் ஒரு விதம், பூண்டு விற்கிற அக்காவிடம் ஒரு விதம், சாமியாரிடம் இன்னொரு விதம். பெரிய டாக்டர் எனக்குச் சல்யூட் அடித்தார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதெல்லாம் அப்படியே இருக்கட்டும், நல்ல கதைகள்தான். ஆனால் உள்ளே நடந்த ஒரு விஷயத்தை மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. உன் சித்திக்கே தெரியாது. நான் சொல்வதில் பாதியைக் கழித்துவிட்டுத்தான் நீ எப்போதும் கேட்பாய். அந்த இடம் வரும்போது சொல்கிறேன், அங்கே மட்டும் கழிக்காதே.

நான் எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதுக்கும் போயிருந்தால் வாத்தியார்களுக்குப் பிழைப்பு போயிருக்கும் என்று பெரிய மனசு பண்ணி நின்றுகொண்டேன். கொடைக்கானலில் ஜீப் ஓட்டுகிறவர்கள் ஏகப்பட்ட பேர். ஆனால் ஒருதரம் என் வண்டியில் ஏறினவர்கள் மறுவருஷமும் வந்து ஸ்டாண்டில் நின்று என்னைத்தான் கேட்பார்கள். மற்றவன் வண்டியில் போனால் காட்டைப் பார்க்கலாம், என் வண்டியில் போனால் காட்டுக்குள் நடந்த ரகசியமெல்லாம் கேட்கலாம். பேரிஜம் ஏரி வழியில் காட்டுமாடு ரோட்டை மறித்து நின்றபோது நான் இறங்கிப் போய் அதன் காதில் ஒரு வார்த்தை சொன்னேன், அது ஒதுங்கி வழிவிட்டது என்று எத்தனை ஊர்க்காரர்களிடம் சொல்லியிருப்பேன்! என்ன வார்த்தை சொன்னீர்கள் என்று கேட்காத ஆள் கிடையாது. அதை மட்டும் நான் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் எல்லாரும் போய் மாட்டிடம் பேச ஆரம்பித்துவிடுவார்கள், ஆபத்து.

நீ எங்கள் வீட்டுக்கு வந்தபோது ஒன்றாம் வகுப்பில் இருந்தாய். உன் அம்மா உன்னைப் பெற்றுக் கொடுத்துவிட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டாள். உன் அப்பா, என் அண்ணன், கேரட்டும் பீன்ஸும் ஏற்றிக்கொண்டு ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டுக்கு லாரி ஓட்டியவர். ஒருநாள் லோடு இறக்குகிற இடத்தில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உன்னை நான் கூட்டிக்கொண்டு வந்தேன். நீ வாயே திறக்கவில்லை. லூர்து தோசை சுட்டுப் போட்டால் தின்றாய், குளிப்பாட்டினால் நின்றாய், அவ்வளவுதான். டீச்சர் கூப்பிட்டுச் சொன்னார்கள், "புள்ளை பேசவே மாட்டேங்குறான், டாக்டரைப் பாருங்க" என்று. நான் டாக்டரைப் பார்க்கவில்லை. பள்ளிக்கூடம் விட்டதும் உன்னை ஜீப்பில் முன்சீட்டில் ஏற்றிக்கொண்டேன். சவாரி வந்தவர்களிடம் விடுகிற கதையையெல்லாம் நீயும் கேட்டாய், சவாரி இல்லாத நேரம் உனக்கென்று தனியாகவும் விட்டேன். கல்லோடு பேசுகிற மாதிரி இருக்கும். ஒருநாள் காட்டுமாட்டுக் கதையைக் கொஞ்சம் நீட்டி, வழிவிட்ட மாட்டுக்கு மரியாதைக்காக என் குல்லாவைத் தலையில் மாட்டிவிட்டேன், அது குல்லாவோடு காட்டுக்குள் போய்விட்டது என்றேன். நீ திரும்பி என் முகத்தைப் பார்த்து, "பொய்" என்றாய்.

அந்த ஒரு வார்த்தைக்கு நான் வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினேன். "ஆமாலே, பொய்தான். எது பொய்னு நீயே சொல்லு" என்றேன். நீ ரொம்ப யோசித்து, "மாட்டுக்குத்தான் கொம்பு இருக்குல்ல. குல்லா எப்படி நிக்கும்?" என்றாய். அன்றைக்கு வழியில் உனக்கு வாங்கிக் கொடுத்த சூடான சோளத்தைத் தின்றுகொண்டே நீ பேசினாய் பேசினாய், வீடு வந்து சேருகிறவரை பேசினாய். அன்றிலிருந்து நமக்குள் அதுதான் ஏற்பாடு. நான் அளப்பேன், நீ ஓட்டை கண்டுபிடிப்பாய். நர்சிங் படிக்கப் போன பிறகும், திண்டுக்கல்லில் வேலைக்குச் சேர்ந்த பிறகும், சாயங்காலமானால் போன் வரும். "இன்னைக்கு என்ன சித்தப்பா நடந்துச்சு?" என்பாய். ஒன்றுமே நடந்திருக்காது. ஆனாலும் உன்னிடம் சொல்லி முடிக்கும்போது அன்றைக்கு ஏதோ நடந்திருக்கும்.

கை ஆட ஆரம்பித்ததையும் அப்படித்தான் சமாளித்தேன். முதலில் வலது கைப் பெருவிரல் மட்டும், பீடி சுருட்டுகிற மாதிரி அது பாட்டுக்கு உருட்டிக்கொண்டிருந்தது. சவாரிக்காரர்களிடம், எஞ்சின் பழசு, அதன் அதிர்வு கையில் ஏறிவிட்டது என்றேன். ஒரு அம்மாள் நம்பி, வண்டியை மாற்றச் சொல்லி ரொம்ப வருத்தப்பட்டார்கள். லூர்து மட்டும், "எஞ்சினை அணைச்சாச்சு, நீங்க இன்னும் அணையலயே" என்றாள். உன்னிடம் குளிர் என்றேன். "சித்திரை மாசத்துல என்ன குளிரு? இங்கருந்து வாசல் வரைக்கும் நடந்து காட்டுங்க" என்றாய். நடந்தேன். "இடது கை வீசுது, வலது கை வீசல. திரும்பும்போது நாலு அடி எடுத்துத் திரும்புறீங்க" என்றாய். அப்படி ஒரு நோயை நடையிலேயே படிக்கலாம் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். பார்க்கின்சன் என்று பேர் சொன்னார்கள். மாத்திரை கொடுத்தார்கள். மாத்திரை சில வருஷம் நல்லபடியாகக் கேட்டது, அப்புறம் வேலை செய்கிற நேரம் குறைந்துகொண்டே வந்தது. சாப்பாட்டுத் தட்டு தாளம் போட ஆரம்பித்தது. சட்டைப் பொத்தானை லூர்து போட்டுவிட்டாள். கொண்டை ஊசி வளைவில் ஒருநாள் இடது கை கியருக்குப் போன நேரம், ஸ்டியரிங்கில் இருந்த வலது கை பிடியை விட்டுவிட்டது. அன்றைக்கு வண்டியில் சின்னப் பிள்ளைகள் இருந்தார்கள். அதற்குப் பிறகு நான் சாவியை எடுக்கவில்லை.

மதுரைக்குப் போய் மூளைக்குள் கம்பி வைக்கலாம் என்று நீ சொன்னபோது நான் ஆடிய ஆட்டத்துக்குக் கையாட்டம் ஒன்றுமே இல்லை. "மண்டையில ஓட்டை போட்டு, கம்பி சொருகி, நெஞ்சுல பேட்டரி வச்சு... நான் என்ன டார்ச் லைட்டாலே?" என்று கேட்டேன். நீ பொறுமையாகச் சொன்னாய். உள்ளே கையை ஆட்டுவிக்கிற ஒரு இடம் இருக்கிறது, புளியங்கொட்டைகூடப் பெரிசு, அவ்வளவு சின்னது. அந்த இடத்தில் கம்பி முனை உட்கார்ந்து லேசாகக் கரண்ட் கொடுத்தால் ஆட்டம் அடங்கும். ஒரு மயிரிழை தள்ளி உட்கார்ந்தால் வேறு எதையாவது பிடித்து இழுத்துவிடும், கண்ணையோ, முகத்தையோ, பேச்சையோ. "அதனாலதான் சித்தப்பா, உங்களை முழிப்பா வச்சுக்கிட்டே செய்வாங்க. உங்களைக் கேட்டுக் கேட்டுத்தான் எடத்தை முடிவு பண்ணுவாங்க" என்றாய். எனக்கு அந்தக் கடைசி வார்த்தை பிடித்துவிட்டது. என்னைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவார்கள் என்றால் நியாயமான ஆஸ்பத்திரிதான் என்று ஒத்துக்கொண்டேன்.

ஆபரேஷனுக்கு முந்தின நாள் வார்டுக்கு ஒரு சின்ன டாக்டரம்மா வந்தார்கள், பெரியகுளத்துப் பொண்ணு, ஞாபகம் இருக்கும். அவர்களிடம் என்னை வைத்துக்கொண்டே நீ சொன்னாய்: "மேடம், இவர் எதைக் கேட்டாலும் சூப்பர்ம்பாரு. நம்பிடாதீங்க." எனக்கு ரோஷம் வந்துவிட்டது. ஆனால் நீ சொன்னது சரிதான், அது நம்ம ஆட்களுக்கெல்லாம் உள்ள பழக்கம். டாக்டர் பாவம், காலையிலிருந்து நிற்கிறார், முகத்தைப் பார்த்து எப்படி இருக்கு என்று கேட்கிறார். அவரிடம் போய் இல்லை, சரியாகலை என்று எப்படிச் சொல்வது? அது அவரைக் குறை சொன்ன மாதிரி. "பரவாயில்லைங்க, நல்லாருக்குங்க" என்று சொல்லிவிட்டு, வெளியே வந்து வராந்தாவில் உட்கார்ந்து முனகுவோம். அடுக்கம் ரோட்டில் வண்டி சறுக்கி என் இடது மணிக்கட்டு பிசகினபோது கட்டுப் போட்டவர் கேட்டார், "நேரா உக்காந்துருச்சா?" உட்காரவில்லை. ஆனாலும் வயசான மனுசன், எனக்காகச் சாப்பாட்டை விட்டுவிட்டு எழுந்து வந்தவர், "கச்சிதமா உக்காந்துருச்சுங்க" என்றேன். இன்றைக்கும் அந்தக் கை கோணல்தான், பார்த்திருக்கிறாய். ஊரில் அது காட்டுமாடு முட்டினது.

மறுநாள் வெள்ளனே தலையை மழித்து, கிரீடம் மாதிரி ஒரு இரும்புச் சட்டத்தை மண்டையில் முடுக்கினார்கள். மரத்துப்போக ஊசி போட்டுவிட்டுத்தான், ஆனாலும் முடுக்குகிற சத்தம் பல் வரைக்கும் கேட்கும். மாத்திரையை முந்தின ராத்திரியே நிறுத்திவிட்டதால் கை பேயாட்டம் ஆடியது. உன்னையும் லூர்தையும் கதவுக்கு வெளியே விட்டுவிட்டு என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனார்கள். ஓட்டை போட்டதை விவரிக்கச் சொன்னால் ஒருநாள் பூரா விவரிப்பேன், இங்கே வேண்டாம். வலி இல்லை, ரோடு போடுகிற மிஷினுக்குப் பக்கத்தில் தலையை வைத்துப் படுத்த மாதிரி இருந்தது. அப்புறம்தான் அதிசயம். மயிர் மாதிரி ஒரு கம்பியை மெல்ல மெல்ல இறக்கிக்கொண்டே, என் மூளைக்குள் இருக்கிற சத்தத்தை ஸ்பீக்கரில் போட்டுவிட்டார்கள். முதலில், ரேடியோவில் ஸ்டேஷன் கிடைக்காத இடத்தில் வருமே, அந்த இரைச்சல். கொஞ்சம் இறங்கினதும் ஒன்றுமில்லாத அமைதி. இன்னும் கொஞ்சம் இறங்கினதும் தகரக் கூரையில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட மாதிரி சடசடவென்று ஒரு சத்தம். "வந்துட்டோம்" என்றார் பெரிய டாக்டர். என் கையை அந்தப் பொண்ணு மடக்கி நீட்டினால் மழை வலுக்கிறது, விட்டால் தணிகிறது. அருளு, என் கை ஆடுகிற சத்தத்தை நானே காதால் கேட்டேன். இப்படி அமர்க்களமான மூளைச் சத்தத்தை இதுவரை கேட்டதில்லை என்று டாக்டர் சொன்னதாக ஊரில் சொன்னேன் அல்லவா, அதை வேண்டுமானால் கழித்துக்கொள்.

இனிமேல் வருவதில் எதையும் கழிக்காதே.

முதல் இடத்தில் கம்பியை வைத்துக் கரண்டை மெதுவாக ஏற்றினார்கள். என் கையை என் முகத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிக்கச் சொன்னார்கள். ஆடிக்கொண்டிருந்த கை மெல்ல மெல்ல அடங்கி, அப்படியே நின்றது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு என் கை நிற்பதைப் பார்த்தேன். கோயில் பீடத்தில் இருக்கிற சுரூபத்தின் கை மாதிரி, ஒரு விரல் அசையவில்லை. சுற்றி நின்றவர்களெல்லாம் முகமூடிக்குள் சிரித்தது கண்ணில் தெரிந்தது. எனக்கு ஸ்டியரிங் ஞாபகம் வந்தது, சாவி ஞாபகம் வந்தது. கொண்டை ஊசியில் ஒரு கையால் ஒடித்துத் திருப்பி, மறு கையால் சவாரிக்காரர்களுக்குப் பள்ளத்தாக்கைக் காட்டுவேனே, அது ஞாபகம் வந்தது. "எப்படிங்கய்யா இருக்கு?" என்று அந்தப் பொண்ணு கேட்டார்கள். நான் யோசிக்கவே இல்லை. "சூப்பர் மேடம்" என்றேன்.

சொன்ன வாய் எனக்கே வித்தியாசமாக இருந்தது. நாக்கு தடித்துக் கிடந்தது, குளிரில் விறைத்த உதடு மாதிரி. பெரிய டாக்டர் கரண்டை அப்படியே வைத்துக்கொண்டு, "வாரத்துல இருக்கிற நாளெல்லாம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். "வீட்டுல யார் யாரு இருக்காங்க, பேர் சொல்லுங்க." லூர்து என்றேன். அப்புறம் உன் பேரைச் சொல்லப் போனேன். அருளு, நீ பிறந்ததிலிருந்து எத்தனை ஆயிரம் தடவை கூப்பிட்ட பேர். பேரின் நடுவிலேயே நாக்கு படுத்துவிட்டது. மடங்கி எழுந்திருக்க மாட்டேன் என்கிறது. ஒருவழியாக இழுத்துக்கொண்டு வெளியே வந்தது. டாக்டர் கேட்டார்: "இது உங்க வழக்கமான பேச்சுதானா? இல்ல, இப்ப ஏதும் மாறியிருக்கா? எங்களுக்குத் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லணும்."

மாத்திரை இல்லாமல் முந்தின ராத்திரியிலிருந்தே என் குரல் தணிந்துதான் கிடந்தது. அவர்கள் அதைத்தான் கேட்டிருந்தார்கள். என் பேச்சு எப்படி இருக்கும் என்று தெரிந்த ஒரு ஆள் அந்த அறைக்குள் என்னைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் "ஆமா சார், எப்பவும் இப்படித்தான்" என்று சொல்லியிருந்தால் அங்கேயே வைத்திருப்பார்களோ என்னவோ. சொல்லத்தான் வாய் வந்தது. அவர்கள் அத்தனை பேரும் காலையிலிருந்து நிற்கிறார்கள், கை அப்படி நின்றிருக்கிறது, சிரித்த முகத்தைப் பார்த்து எப்படி இல்லை என்பது?

அப்போது ஒன்று நினைத்தேன். நம்ம ரோட்டில் எதிரே பஸ் வந்தால் வண்டியைப் பின்னால் எடுக்க வேண்டும். பின்னால் பள்ளம். ஓட்டுகிறவனுக்குப் பின்சக்கரம் தெரியாது. ஒருத்தன் இறங்கிப் பின்னால் நின்று "வரலாம், வரலாம், வரலாம்... போதும்" என்று சொல்ல வேண்டும். டிரைவர் பெரிய ஆள், அவரைப் போய் நிற்கச் சொல்வதா என்று மரியாதை பார்த்து அவன் இன்னொரு தடவை "வரலாம்" என்றால், வண்டி கீழே கிடக்கும். எத்தனை வருஷம் நான் ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, பின்னால் நிற்கிறவன் வாயை நம்பிச் சக்கரத்தை விட்டிருக்கிறேன். இப்போது டாக்டர் ஓட்டுகிறார், பின்னால் நிற்கிறவன் நான். என் மண்டைக்குள் அவருக்குக் கண் தெரியாத இடம் ஒன்று இருக்கிறது. அங்கே நான் மட்டும்தான் நிற்கிறேன்.

"இல்லைங்க டாக்டர்" என்றேன். "நாக்கு மடங்க மாட்டேங்குது. எம் புள்ளை பேரு வரமாட்டேங்குது."

சிரிப்பு நின்றது. அவர் கரண்டைக் குறைத்தார், கூட்டினார், திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் உன் பேரைத்தான் சொல்லிப் பார்த்தேன். கை நிற்கிற அளவு வந்தால் பேர் போகிறது. பேர் வருகிற அளவுக்கு இறக்கினால் கை ஆடுகிறது. கடைசியில் அவர், "வேற வழியில இறக்கிப் பாக்கலாங்க. அங்க பேச்சுக்குத் தொந்தரவு இருக்காது. ஆனா கை இந்த அளவுக்கு நிக்குமான்னு சொல்ல முடியாது" என்றார். என் சம்மதத்துக்குக் காத்திருந்தார் என்று சொல்ல மாட்டேன், அவருக்கே அது சரியென்று பட்டிருக்கும். ஆனால் என் முகத்தைப் பார்த்தார். நான் அந்தக் கையை இன்னொருதரம் பார்த்துக்கொண்டேன், நின்ற கையை. நல்ல கை. அப்புறம், "பேச்சுதான் சார் வேணும்" என்றேன். கம்பியை எடுத்துக்கொண்டு பக்கத்து வழியில் இறக்கினார்கள். திரும்ப அந்த மழை. திரும்பக் கரண்டு. கை ஆட்டம் குறைந்தது, நன்றாகவே குறைந்தது, பெருவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும் பிடிவாதம் பிடித்தன. "பேர் சொல்லுங்க" என்றார். அருளு, அருளு, அருளு என்று போதும் போதும் என்கிறவரை சொன்னேன். அந்தப் பெரியகுளத்துப் பொண்ணு கையுறை போட்ட கையால் என் கையைப் பிடித்துக்கொண்டே, "கேட்டுச்சுங்கய்யா, போதும். வெளியில நிக்கிறவருக்கே கேட்டிருக்கும்" என்றார்கள்.

நடந்தது இதுதான். கம்பி தப்பான இடத்தில் உட்காரவில்லை. நான் கேட்ட இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. நீ டாக்டரிடம் போய்க் கேட்டாயாம், அவர் "வைக்க வேண்டிய இடத்தில்தான் வைத்திருக்கிறோம்" என்றாராம், எல்லா டாக்டரும் சொல்வதுதான் என்று நீ நம்பவில்லையாம். அவரை நம்பு. என்னையும் இந்த ஒரு தடவை நம்பு. சந்தேகமிருந்தால் அந்தப் பொண்ணிடம் கேட்டுப் பார், கையைப் பிடித்துக்கொண்டு நின்றவர்கள் அவர்கள்தானே. இதை ஏன் அப்போதே சொல்லவில்லை என்று கேட்பாய். ஸ்ட்ரெச்சரில் வெளியே வரும்போது நீ ஓடிவந்து முதலில் என் கையைத்தான் பிடித்தாய். உன் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அந்த முகத்திடம் போய், இதைவிட நன்றாக நின்ற இடம் ஒன்று இருந்தது, விட்டுவிட்டு வந்தேன் என்று சொல்ல மனசு வரவில்லை. "நூத்துக்கு நூறு" என்று அளந்துவிட்டேன். அந்த நூறுதான் உன்னை இப்போது போட்டு அரிக்கிறது.

இப்போது என் நிலைமையைக் கேள், கூட்டாமல் சொல்கிறேன். சட்டைப் பொத்தானை நானே போட்டுக்கொள்கிறேன், கழுத்துப் பொத்தான் மட்டும் லூர்து. டம்ளரில் முக்கால்வாசி ஊற்றினால் சிந்தாமல் குடிக்கிறேன். மலை ரோட்டில் வண்டி எடுக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார், எடுக்கவில்லை. ஸ்டாண்டில் இருக்கிற மைக்கேல் ஓட்டுகிறான், நான் பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிறேன். முன்பெல்லாம் ரோட்டிலும் ஒரு கண் வைத்துப் பேச வேண்டியிருந்தது, இப்போது முழுக் கவனமும் பேச்சில்தான், கதைகள் எல்லாம் தனி மெருகோடு வருகின்றன. மொட்டைத் தலையைப் பார்த்து, "பழனிக்குப் போய்ட்டு வந்தீங்களா?" என்று சவாரிக்காரர்கள் கேட்டார்கள். முருகனே பேட்டரி வைத்து அனுப்பினார் என்றேன். சாமியார் குரூப்பில் இதைப் படித்தால் மன்னிக்கட்டும். ஆனால் கொண்டை ஊசி வரும்போது மட்டும் என் வலது கால் தன்னாலே பிரேக்கைத் தேடுகிறது, கை தன்னாலே கியருக்குப் போகிறது. அதை மைக்கேல் பார்த்தும் பாராத மாதிரி இருப்பான். அது கொஞ்ச நாள் இருக்கும். அதற்காக நீ ஒன்றும் பண்ண முடியாது, ஊரில் உட்கார்ந்தாலும் முடியாது.

ஜெர்மனிக்கு நான் போனதில்லை. போயிருந்தால் ஒழுங்காக நாலு விஷயம் சொல்லியிருப்பேன். போகாததால் ஒன்றே ஒன்று சொல்கிறேன். அங்கேயும் கட்டிலில் படுத்திருக்கிறவன் நர்ஸ் முகத்தைப் பார்த்ததும் நன்றாக இருக்கிறேன் என்றுதான் சொல்வான். வெள்ளைக்காரன் வாய்விட்டுச் சொல்லிவிடுவான் என்கிறார்கள், நான் நம்பவில்லை, மனுசன் எல்லா ஊரிலும் மனுசன்தான். அவன் சொன்னதும் நகர்ந்துவிடாதே. கொஞ்ச நேரம் நில். பிள்ளைகள் பேரைக் கேள். வேலை அதிகம் என்பாய், இருக்கட்டும். அந்தப் பெரிய டாக்டர் என்னிடம் "நல்லது" என்று சொல்லிவிட்டு அடுத்த சோலியைப் பார்த்திருக்கலாம். "எங்களுக்குத் தெரியாதுங்க, நீங்கதான் சொல்லணும்" என்றாரே, அவ்வளவு படித்த மனுசன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததால்தான் எனக்கு உண்மை சொல்லத் தோன்றியது. அந்த வார்த்தையைக் கற்றுக்கொள். ஜெர்மன் பாஷையில் அதை எப்படிச் சொல்வது என்று முதல் வாரமே விசாரி.

உன் சித்தி இப்போதே பருப்புப் பொடி இடிக்க ஆரம்பித்துவிட்டாள், நீ போக மாட்டேன் என்று சொன்ன பிறகும். "போவான், போகாம எங்க போறான்" என்கிறாள். பக்கத்து வீட்டில் பழனிப் பஞ்சாமிர்த டப்பாவுக்கும் சொல்லி வைத்திருக்கிறாள். அதையெல்லாம் பிளேனில் விடுவார்களா என்று கேட்டால், "அந்த ஊர்க்காரங்களுக்கும் ஒரு ஸ்பூன் குடுத்தா விடமாட்டாங்களா" என்கிறாள். என்னோடு இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணி அவளுக்கும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

இவ்வளவு நீளக் கடிதத்தை இந்தக் கை எழுதியிருக்குமா என்று யோசிப்பாய். எழுதவில்லை. வராந்தாவில் உட்கார்ந்து போனிடம் வாயால் சொல்கிறேன், அது எழுதிக்கொண்டே வருகிறது. முதல் வரியில் உன் பேரைச் சொன்னேன், ஒரே தடவையில் எடுத்துக்கொண்டது.

நாளைக்கே அந்த ஜெர்மன் ஆஸ்பத்திரிக்குச் சம்மதம் என்று எழுதிவிடு. நீ கிளம்புகிற அன்று மைக்கேல் வண்டியில் மதுரை ஏர்போர்ட் வரைக்கும் நானும் வருவேன், வர வேண்டாம் என்று சொல்லாதே. கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் போனதும் ஒருதரம் திரும்பிப் பார். கூட்டத்தில் என்னைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. எல்லாரும் கை வலிக்க வலிக்க ஆட்டிக்கொண்டிருப்பார்கள். நான் தூக்கிப் பிடித்தால் போதும், மீதியை அதுவே பார்த்துக்கொள்ளும்.